இன்னொரு தடவை

“நீங்க வாசிச்சாத்தான் உண்டு, உஸ்தாத். மில்லுப் பஞ்சு தொண்டையில அடைச்சுக்கிச்சு.”

“நான் வாசிச்சா என் கவிதை மாதிரி ஆயிடுமேம்மா.”

“ஆகட்டுமே. அதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்.”

பஞ்சு மில்லில் வேலை செய்யும் நஜ்லா, தன் கவிதை எழுதிய தாளை வஹீபின் கையில் திணித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கடல் தாண்டி வந்த ஊரில் அரபியில் ஒரு பத்திரிகை தொடங்கி, தலை நரைத்த பிறகும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டிருப்பவர் வஹீப். இதழ் வெளிவந்ததும் துணிக்கடையின் பின்கட்டில் வாசகர்கள் கூடுவார்கள். ஒரு வரி மனதைத் தைத்துவிட்டால் “இன்னொரு தடவை!” என்று கூவுவார்கள், வாசிப்பவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொந்த ஊரிலிருந்து கூடவே கப்பலேறி வந்த வழக்கம் அது. வஹீபின் கவிதைகளுக்கு இதுவரை கைதட்டல் மட்டுமே கிடைத்திருக்கிறது.

அவள் கவிதை எவ்வளவு நல்ல கவிதை என்று அச்சேற்றும்போதே தெரிந்துகொண்ட வயிற்றெரிச்சலோடு எழுந்தவர், வேண்டுமென்றே அதை விலைப்பட்டியல் மாதிரி கடகடவென்று வாசித்தார். பாதிகூடத் தாண்டவில்லை, பொத்தான் வியாபாரி ஜிர்ஜிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இன்னொரு தடவை! ஓய், ரயிலுக்கா நேரமாச்சு? நிதானமா வாசியும்!”

திரும்ப வாசித்தார். மறுபடியும் கேட்டார்கள். வாசிக்க வாசிக்க அவர் குரல் அவர் சொல்பேச்சைக் கேட்காமல் குழைந்து, கடைசி வரியில் உடைந்தது. சுற்றிலும் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக அவர் ஏங்கிய கூச்சல் அவர் முகத்துக்கு நேராகவே எழுந்தது, அவளுக்காக.

அது அடங்கியதும் நஜ்லா எழுந்தாள். கரகரத்த குரலில், கண் நிறைய மரியாதையோடு சொன்னாள்:

“இப்ப உங்க கவிதை ஒண்ணு வாசிங்க, உஸ்தாத்.”