இரண்டு இழுப்பு

வானிலை நிலைய மெக்கானிக்குக் கோழைகளைக் கண்டாலே ஆகாது. தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வெறுப்புக்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது.

புயல் வருவதற்குள் மலை உச்சியிலிருந்த காற்றுமானியைக் கழற்றியாக வேண்டும். கடைசிப் பாறையின் அடியில் அவரும் தங்கை கணவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். மேலே குரல் கேட்காது. ஓர் இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் நான் ஏறி வருகிறேன்.

தங்கை கணவர் வானத்தைப் பார்த்தார். "வேணாம் மச்சான், இறங்கிடலாம்."

"நீங்க இறங்குங்க மாப்பிள்ளை. வண்டியில உட்கார்ந்து கண்ணாடிய ஏத்திக்கோங்க. சளி பிடிச்சா என் தங்கச்சிதான் மூக்கு சிந்தி விடணும்."

அவர் தன் முடிச்சை அவிழ்த்தார். மெக்கானிக் வெறுங்கயிற்றை வாலாக இழுத்துக்கொண்டு ஏறினார்.

காற்றுமானி பைக்குள் போனபோது மழை பிடித்துக்கொண்டது. வெகு கீழே மாப்பிள்ளையின் மஞ்சள் மழைக்கோட்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியது.

"இவனெல்லாம் ஒரு ஆம்பளை," என்று மெக்கானிக் துப்பினார்.

இடுப்பில் கயிறு இரண்டு முறை இழுபட்டது.

காற்றுதான் என்று நினைத்தார். கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். கனமாக இருந்தது. பிறகு ஒரு முழம் தளர்ந்தது, ஏறுகிறவர் ஓரடி மேலே வந்ததும் தளர்வதுபோல. இறங்க வேறு வழி கிடையாது.

ஒரு முறை இழுத்தார்.

பதிலுக்கு இரண்டு இழுப்பு வந்தது.

கீழே மாப்பிள்ளை விளக்கைப் போட்டு, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் தன் முடிச்சில் கை வைத்தார். நனைந்து இறுகியிருந்தது. கயிறு இன்னொரு முழம் தளர்ந்தது.