பல்தடம் பதிந்த கரண்டி

பாஸ்டன் சாலையில் முரசு அதிர்கிறது. ஆங்கிலேய ராஜாவின் ஆட்சி வேண்டாமென்று எங்கள் ஊர் ஆண்கள் போருக்குக் கிளம்புகிறார்கள். நாற்பது வருடம் படகு தள்ளி ஓய்ந்த கிழவன் எனக்கு, அடுத்த வீட்டு அடுப்படியில் துருத்தி ஊதும் வேலை. நான் ஊதுகிற ஊதலில் லண்டனில் ராஜாவின் பொய்முடியே பறந்திருக்கும். அந்த வீட்டுக்காரி கெசாயா தன் கல்யாணத்து ஈயத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டியில் போடுகிறாள். விளிம்பு தொய்ந்து, பளபளவென்று சுருண்டு அவை உருகுகின்றன. கணவன் ஜேபஸ் அந்த ஈயத்தை அச்சில் வார்த்துத் துப்பாக்கிக் குண்டுகளாகத் தட்டி எடுக்கிறான். கடைசியாக அவள் எடுப்பது, தொட்டிலில் உறங்கும் மகளின் பல்தடம் பதிந்த குட்டிக் கரண்டி.

"அடியே, அது பாப்பாவோடது. ஒரு குண்டு குறைஞ்சா ராஜா ஜெயிச்சிடுவாராக்கும்?" என்று ஜேபஸ் தடுக்கிறான்.

"அந்த ஒண்ணு இல்லாம நீங்க வெறுந்துப்பாக்கியோட நின்னுட்டா?"

கரண்டி கரைந்து குண்டாகிறது. வெதுவெதுப்பான அந்தக் குண்டை மட்டும் ஜேபஸ் பையில் போடாமல், நெஞ்சருகே சட்டைக்குள் ஒளிக்கிறான்.

"இதைச் சுட மாட்டேன். பத்திரமா திருப்பிக் கொண்டாந்து தர்றேன்."

கெசாயா அவன் சட்டைக்குள் கைவிட்டு அதை எடுத்து, குண்டுப் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறாள்.

"இதை முதல்ல சுடுங்க. நீங்க மட்டும் திரும்பி வந்தா போதும்."