வெற்றிடத்தில் சத்தம் கேட்காது

விண்வெளி ஒலிநாடகத்தின் புதிய பகுதி வந்ததும் நாங்கள் மூவரும் போனில் கூடி அதைக் கிழித்துத் தொங்கவிடுவோம். லிஃப்ட் மெக்கானிக், நர்ஸம்மா, நான்.

இந்த வாரம் கேப்டன் விண்கலத்துக்கு வெளியே தனியாக மிதக்கிறார். ஒரு நிமிடம் முழு நிசப்தம்.

"வெற்றிடத்துல சத்தம் கேட்காதுன்னு இப்பவாவது ஒருத்தனுக்குப் புரிஞ்சிருக்கே," என்றேன்.

"நிசப்தமா? காதுல பஞ்சு வச்சிருக்கியா?" என்றான் மெக்கானிக். "இரும்பு கேட் ஒண்ணு திறக்குது. கீழ்க் கீல் போயிருக்கு, தூக்கித்தான் திறக்கணும். தரையில உரசுது பாரு."

"அப்புறம் யாரோ செருப்பைக் கழட்டிட்டு மாடி ஏறுறாங்க. நாற்காலியை இழுத்து உக்கார்றாங்க," என்றார் நர்ஸம்மா. "விண்வெளியில ஏதுங்க மாடி? அபத்தம்."

ஹெட்போனில் மறுபடி போட்டுக் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

நான் குடியிருப்பது மாடி. கீழே இரும்பு கேட்டின் கீல் போய் வருடக்கணக்காகிறது. அதைச் சரிபண்ணச் சொல்லிச் சொல்லியே என் மனைவி போய்ச் சேர்ந்தாள். இவர்கள் இருவரும் என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

"கடைசியில ஒரு அம்மா மெதுவா என்னமோ சொல்றாங்களே, அதுவுமா கேட்கல?" என்றார் நர்ஸம்மா.

"என்ன சொல்றாங்க?"

"'ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? அந்தச் சனியனைக் காதுலேருந்து கழட்டுங்க'ன்னு."

மெக்கானிக் சிரித்தான். "கேப்டன் பொண்டாட்டி போல."

நான் எப்போதும் உள்ளே தள்ளியே வைத்திருக்கும் எதிர் நாற்காலி, மேசையை விட்டு விலகியிருந்தது. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.