முதலாளி கடித்த மூலை

சன்னலுக்குக் கீழே, மூலையில், உள்ளங்கை அகலத்துக்குக் கார்ப்பெட் பிய்ந்திருந்தது.

முட்டி போட்டேன். அதுதான் என் தொழில். அப்பா முதுகில் மூட்டை சுமந்து சோறு போட்டார். நான் அடுத்தவர் வீடுகளில் முட்டி போட்டுக் கார்ப்பெட் விரிக்கிறேன். எனக்கு நாற்பது வயது. முட்டிக்கு அறுபது.

“நாலாவது தடவ,” என்றாள் பாப்பாவின் அம்மா. என் மனைவியாக இருந்தவள். கையைக் கட்டிக்கொண்டு என் தலைக்கு மேலே நின்றாள்.

முயல் தன் பெட்டிக்குள் இருந்தது. அதற்கு முதலாளி என்று பெயர். நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் நான் வைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே தின்னும். அடுத்தவனுக்கு வேலை வைக்கும்.

முதல் தடவை வந்தபோது மூலையைத் தைத்து, வினிகர் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனேன். முதலாளி மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டதாம். இரண்டாம் தடவை ஒரு பலகையைச் சாத்தினேன். பலகைக்குப் பக்கத்தில் தோண்டியது. மூன்றாம் தடவைதான் எனக்குப் புத்தி வந்தது. தோண்டப் பிறந்ததைத் தோண்டாதே என்றால் எப்படி? அகலமான பெட்டியில் மண் கொட்டி, மேலே வைக்கோலும் கிழித்த காகிதமும் போட்டு, கடிக்கக் குச்சிகளும் வைத்துக் கொடுத்தேன்.

இப்போதும் அதற்குள்தான் கூலிக்குத் தோண்டுவது போலத் தோண்டிக்கொண்டிருந்தது.

மகளைப் பார்க்கவென்று நான் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. ஒருநாள் குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் ஒரு காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதோடு சரி. குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது; அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனால் உள்ளங்கை அகல வேலைக்கு வேறு எந்த ஆளும் வரமாட்டான். அதனால் கார்ப்பெட் பிய்ந்தால் எனக்குப் போன் வரும்.

வந்தால் பேச்சு கிடையாது. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அரைமணி வேலையை நான் ஒன்றரை மணி நேரம் இழுப்பேன்.

“இந்தத் தடவ வெட்டியெடுக்குற துண்டக் குப்பையில போட்டுடாத. அவருகிட்ட காட்டணும்,” என்றாள். அவர் என்றால் அவளுடைய இப்போதைய கணவர்.

“எதுக்கு?”

“முயல்தான் பெட்டிய விட்டு எறங்குறதே இல்லையே, இது பாப்பா வேலைங்கிறாரு. அவ வேலைதான்னா கார்ப்பெட்டையே பிச்சுப் போட்டுட்டு டைல்ஸ் போட்டுடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அப்புறம் நீயும் வர வேணாம்.”

அடுப்பில் எதுவோ பொங்கியது. உள்ளே ஓடினாள்.

பிய்ந்த இடத்தை விரலால் தடவினேன். இருபது வருடமாகக் கார்ப்பெட் தடவுகிற விரல். முயல் கடித்தால் இழை நைந்து நார் நாராகத் தொங்கும். இங்கே நுனிகளெல்லாம் ஒரே மட்டம். நடுவில் மட்டும் ஒரு சின்னப் படி. மழுங்கிய கத்தரிக்கோல் திணறி, இரண்டாம் தடவை பிடித்த இடம்.

நிமிர்ந்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் கவனமாக.

அன்றைக்குக் காருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை.

கத்தியை எடுத்து, சதுரமாக வெட்டி, துண்டை உருவினேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது.

துண்டை வாயில் வைத்துக் கடித்தேன்.

முன்பல்லால் இழுத்தேன். கடைவாயில் போட்டு அரைத்தேன். தூசி, பசை, என்றைக்கோ தெளித்த வினிகர் எல்லாம் நாக்கில் ஏறியது. பட்டினி கிடந்த நாளிலும் இப்படி ஒன்றைத் தின்றதில்லை.

படியில் களுக்கென்று ஒரு சத்தம். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் தெரிந்தது. போன தடவை பொக்கையாக இருந்த இடத்தில் புதுப் பல் பாதி முளைத்திருந்தது.

அவள் அம்மா திரும்பி வந்தபோது துண்டை நீட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனிகள் நைந்து, ஈரமாக, நார் நாராகத் தொங்கின.

“முயல்தானே?”

தலையை ஆட்டினேன். வாய்க்குள் இன்னும் நூல் இருந்தது; திறக்க முடியவில்லை.

பெட்டிக்குள் அசந்து படுத்திருந்த முதலாளியைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்த நாட்களில் அப்படித்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஒரு பொய்யும் தப்பியதில்லை.

துண்டை மடித்து உள்ளே எடுத்து வைத்தாள்.

பையில் கொண்டுவந்த மிச்சக் கார்ப்பெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பொருத்தி, ஓரத்தைத் தட்டி, பையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். முட்டி சொடுக்கியது.

வாசல் வரைக்கும் வந்தாள். முந்தைய மூன்று தடவையும் வந்ததில்லை.

“மீசையத் தொடச்சுக்க,” என்றாள்.

தடவினேன். கார்ப்பெட்டின் சாம்பல் நிற நூல் கையோடு வந்தது.

கதவைச் சாத்தப் போனவள் நிறுத்தினாள்.

“எதிர் மூலையும் தளந்த மாதிரி இருக்கு. அடுத்த வாரம் வந்து ஒரு தடவ பாரு.”

அந்த மூலை தளரவில்லை. போன தடவை அதற்கு ஆணி அடித்தவன் நான்.