எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது

மேலே விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் கிடந்த கிளிஃப்டன் மட்டும் எழவில்லை.

பந்து இன்னும் அவன் மார்போடு இருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் விழுந்திருந்தான். 1905ஆம் வருஷம் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டமும் தோற்காத ஒஹையோக் கல்லூரி அணி அவனுடையது. கடைசி வெற்றியும் கைக்கு எட்டிவிட்டது.

கேப்டன் லூதர் சேற்றில் மண்டியிட்டான். அடி தாங்கட்டும் என்று பிடரிவரை வளர்த்திருந்த கிளிஃப்டனின் முடிக்குள்ளிருந்து ரத்தம் கசிந்தது. தலைக்கவசம் போடுகிறவனைப் பொட்டை என்று கேலி செய்யும் கூட்டம். லூதரும் அதில் ஒருவன்தான்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா. விடாம கூப்பிடுங்க. இப்படியே தூங்கவிட்டா போயிடுவான்."

"கிளிஃப்டன்!" என்றது அணி. மரப் பலகைகளில் ஏறி நின்ற மொத்த ஊரும் "கிளிஃப்டன்!" என்றது.

எப்படி எழுவான்? அது அவன் பெயரே இல்லை. சுரங்கத்தில் வேலை பார்த்தவனைக் கூலிக்குப் பிடித்து வந்து, லத்தீன் வகுப்பு மாணவன் என்று பதிந்து, லூதரே வைத்த பெயர். வகுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ரயிலில் வரும்போது உண்மைப் பெயரை லூதரிடம் மட்டும் சொல்லியிருந்தான். ரூஃபஸ்.

அதை இங்கே வாய்விட்டுச் சொன்னால் எல்லாம் போச்சு. ஜெயித்த ஆட்டம் அத்தனையும் செல்லாமல் போகும். எதிரணிக் கேப்டன் ஹார்லன் வேறு பக்கத்திலேயே நிற்கிறான்.

பாவி, லூதர் கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தான். கிடந்தவனின் உதடு நீலம் பாரித்ததும்தான் பைத்தியம் பிடித்தவன்போலக் கத்தினான்.

"டேய் ரூஃபஸ்! எந்திரிடா ரூஃபஸ்!"

பயிற்சியாளர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

கிடந்தவன் அசையவில்லை.

ஹார்லன் நடுவரிடம் ஓடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ லூதருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அவன் பேரு அது இல்லடா. போன வருஷம் எங்களுக்குத்தான் கூலிக்கு ஆடினான். பார்த்ததுமே தெரிஞ்சுது, நான் எந்த வாயால சொல்றது? நிஜப் பேரை என்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கான்." குனிந்து அவன் காதில் கத்தினான். "டெல்பர்ட்! டேய், டெல்பர்ட்!"

இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்கள்.

டாக்டர் அவன் மணிக்கட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"பெத்தவங்களுக்குத் தந்தி அடிக்கணும். எந்த ஊருக்கு அடிக்கிறது?"

"எந்த ஊர்னு உன்கிட்ட சொன்னானா?" என்று கேப்டன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.