நான்காம் முறை வெள்ளைப்புள்ளி

என் கணவர் குளித்துவிட்டு வந்து மீன்களை மறுபடியும் பார்த்தார். புள்ளிகள் போகவில்லை.

கண்ணாடித் தொட்டியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றார். ஒரு மீனின் வாலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், தூள் உப்பு ஒட்டியது போல. இரண்டரை மாதத்தில் இது நான்காவது முறை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். தொட்டித் தண்ணீரின் சூட்டை ஏற்றினார், உப்புப் போட்டார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். அடியில் கிடக்கும் கூழாங்கற்களுக்குள் குழாயை விட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினார். புள்ளி மறையும். சில நாள் வீடு சிரிக்கும். பிறகு மறுபடி வந்துவிடும்.

பொல்லாத ஒட்டுண்ணி அது. மீன் மேல் ஒட்டியிருக்கும்வரை மருந்து அதை ஒன்றும் செய்யாது. கழன்று கீழே விழுந்து, கல்லுக்குள் நூறாகப் பெருகி, அடுத்த மீனைத் தேடிக் கிளம்பும்போதுதான் அடிக்க வேண்டும். நாலைந்து தப்பினால் போதும், முதலிலிருந்து ஆரம்பம்.

மீன்தானே என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவர் பழுது பார்த்த லிஃப்ட் ஒன்று, ஏழு பேரோடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கட்டடத்தின் மின் இணைப்பில்தான் கோளாறு, இவர் வேலையில் குறையே இல்லை என்று விசாரித்து எழுதியே கொடுத்துவிட்டார்கள். கம்பெனி வா வா என்கிறது. நம்பாதவர் இவர் ஒருவர்தான். லீவு போட்டுவிட்டு, மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற மீன்களோடு உட்கார்ந்துவிட்டார். இன்று பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மேஜை மேல் கிடந்தது ராஜினாமா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஆறு மீனுக்கு வைத்தியம் பண்ணத் துப்பில்ல. ஆளுங்க ஏறுற பெட்டியில நான் எப்படிக் கை வைக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடினார்.

அந்த வேலை போனால் சம்பளம் மட்டுமா போகும், ஆளே போய்விடுவார்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். போன மாதம் நாலாம் தேதி, நீங்கள் நடக்கப் போயிருந்தபோது ஒரு மீன் செத்து மிதந்தது. உங்கள் மனசு தாங்காதே என்று எடுத்துப் போட்டுவிட்டு, அதே போல ஒன்றை வாங்கி வந்து விட்டேன். இருபதாம் தேதி இன்னொன்று. இந்த மாதம் ஏழாம் தேதி மூன்றாவது. அது நாம் குண்டன் என்று கூப்பிடும் மீன்.

அவர் திட்டவில்லை. நோட்டை எடுத்து வந்து பிரித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. நாலாம் தேதிக்கு மூன்றாம் நாள் புள்ளி. இருபதாம் தேதிக்கு மூன்றாம் நாள் புள்ளி. ஏழாம் தேதிக்கு இன்று மூன்றாம் நாள்.

"நோய் கடை மீனோட வந்திருக்கு," என்றார். நோட்டை மூடிவிட்டு, "அப்ப என் கையில தப்பில்ல," என்றார். கண் கலங்கியிருந்தது.

கடிதத்தை நிதானமாக மடித்து நாலாகக் கிழித்தார். மேற்பார்வையாளருக்குப் போன் செய்து நாளைக்கே வருகிறேன் என்றார். அந்தப் பழைய குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு நான்காவது முறைக்கான மருந்தை எடுத்தார். எண்ணி விட்டு முடித்ததும்தான் குண்டன் நினைவு வந்தது போலும். முகம் தொங்கிப்போயிற்று.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இவன் சாப்பிடுற விதமே வேற. குண்டன் இப்படி முண்டியடிக்க மாட்டான், பாவம்."

நான் தலையாட்டினேன். இனிமேல் என்னைக் கேட்காமல் மீன் வாங்காதே என்றார். சரி என்றேன்.

எனக்கு அது ஒன்றும் சிரமமில்லை. மீன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நோட்டைப் பார்த்து, புள்ளி வந்த ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு மூன்று நாள் முந்தி ஒரு தேதியைக் கணக்குப் போட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். தொட்டியில் இருப்பவை மகள் விட்டுப்போன அதே ஆறு. நாலு தடவை நோய் வந்தும் ஒன்றைக்கூட அவர் சாக விட்டதில்லை.

குண்டன் நேர் எதிரே வந்து நின்று, தனக்காகக் கண் கலங்கி நிற்பவரிடம் தீனி கேட்டது.