பெரட்டில் ஐந்தாவது பெயர்

அன்றைக்குச் செல்லம்தான் கம்ப்யூட்டர்.

லாபு ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நிஜக் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? ஞாயிறுதோறும் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். பஞ்சாலை டீச்சர் கரும்பலகையில் எழுதிய கட்டளையை வரி பிசகாமல் செய்ய வேண்டும். சொந்த மூளையைக் கலந்தால் பதவி போய்விடும்.

பாடங்கள் டீச்சரின் தம்பி கணேசமூர்த்தி அனுப்பியவை. கோலாலம்பூரில் படித்தவன், இன்டர்நெட்டில் கிடைத்ததை அச்செடுத்துத் தபாலில் போடுவான். ஆங்கிலத்தில் பனியும் பீட்சாவுமாக இருந்ததை அவள் தோட்டத்துக்கு மாற்றுவாள். இன்றைய பாடம், விடியற்காலையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டு. பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

பெயரைக் கூப்பிடு. 'வந்துட்டேன்' என்றால் அடுத்த பெயருக்குப் போ. பதில் இல்லையென்றால் மறுபடி கூப்பிடு.

வகுப்புப் பட்டியலில் எட்டுப் பெயர்கள். ஐந்தாவது கணேசமூர்த்தி. என் பெயரையும் போட்டுவை, தீபாவளிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நானே பதில் சொல்கிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தான்.

நான்கு பெயர்கள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயின.

செல்லம் ஐந்தாவதைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள்.

பிள்ளைகள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். போன மாதம் நீலாய் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவன் போய்ச் சேர்ந்தது அங்கே யாருக்குத் தெரியாது? காரியத்தன்று வாழையிலை கழுவியதே இந்தப் பிள்ளைகள்தான்.

ஆனால் கம்ப்யூட்டர் யோசிக்கக் கூடாதே. செல்லம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பஞ்சாலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்தாள்.

ஒன்பதாவது தடவையோடு செல்லம் நிறுத்திவிட்டாள்.

"மூணு வாட்டி கூப்ட்டும் வரலன்னா கோடு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவாங்க டீச்சர். எங்கப்பா தெனமும் அப்படித்தான் லா செய்றாரு. அந்த வரிய எழுத மறந்துட்டீங்க."

மண்டோர் மகளாயிற்றே, கண்ணில் படாமல் போகுமா?

ஆமாம், மறந்துவிட்டேன் என்று பஞ்சாலை தலையாட்டினாள். சாக்பீஸை எடுத்தாள். எழுதாமலே திரும்ப வைத்தாள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டாள்.

எல்லாரும் போனபின் இன்றைய பாடத்தின் அச்சுத்தாளைப் பையிலிருந்து எடுத்தாள். அவனை எடுத்த மறுநாள் வந்து சேர்ந்த தபால் அது.

மூன்று முறையோடு நிறுத்து என்கிற அந்த வரி அதில் இருந்தது. அவளே சிவப்பு மையில் அடித்திருந்தாள்.

ஓரத்தில் அவனுடைய கோழிக் கிறுக்கல்: "அக்கா, இந்த வரிய மட்டும் விட்டுடாத. விட்டா நிக்கவே நிக்காது, கூப்ட்டுக்கிட்டே இருக்கும்."